ஹாலந்தில் நான் வாங்கிய பசு

மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் மூட்டை சுமந்து, பிறகு சொந்தமாக மிளகு மண்டி போட்டவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் அறுபதுகளில் சரக்குக் கப்பலேறி ஹாலந்து வரை போய் மிளகு விற்றேன்.

ஆம்ஸ்டர்டாமைத்தான் எல்லோரும் பார்க்கிறார்களே என்று, கப்பல் சமையல்காரன் பள்ளுருத்தி குட்டனோடு ரயிலேறி ஒரு கிராமத்து மாட்டுச் சந்தைக்குப் போனேன். அங்கே ஒருவர் கையில் ஒருவர் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசித்தான் எனக்குப் பழக்கம். இது ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். நான் தடவிக்கொண்டிருந்த பசுவின் சொந்தக்காரக் கிழவர் ஏதோ சொல்லிக் கையை நீட்டினார். நானும் ஓங்கி அடித்துக் குலுக்கினேன். உடனே கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார்.

குட்டன் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் விசாரித்துவிட்டு வந்தான். "இக்கா, கை குலுக்கினா கச்சவடம் முடிஞ்சுதாம். பசு உங்களுக்குத்தான். இனி கப்பல்ல சாயாவுக்குப் பால் பஞ்சமில்லை."

கை கொடுத்துப் பின்வாங்கியவன் என்று மட்டாஞ்சேரியில் ஒருத்தரும் என்னைச் சொன்னதில்லை. ஆனாலும் பசுவோடு கப்பலேற முடியுமா?

"தப்பு என்னோடதுன்னு சொல்லுடா" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அன்றுதான் முதல் தடவை.

கிழவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு எங்களை வீட்டுக்கு அழைத்துப்போய், அந்தப் பசுவின் பாலையே காய்ச்சிக் கொடுத்தார்.

அதன்பிறகு மண்டியில் தப்பு செய்தால் உடனே ஒப்புக்கொள்கிறேன். அது அப்படியொன்றும் கஷ்டமில்லை. பசு வாங்கிய கதையை மட்டும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் என் பெண்டாட்டிக்கே தெரியப்போகிறது.