வராதவர்களுக்காகப் பேசிய ஜெசிந்தா

செய்தி வந்தபோது ஜெசிந்தாவுக்கான அவரைக்காய்ப் பொரியல் என் பையில் இன்னும் சூடாக இருந்தது. முந்தைய நாள் மாலை, "நாளைக்கு வெஞ்சனம் நீ கொண்டா, சோறும் ரசமும் நான் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினாள். காலையில் அலுவலகப் படியேறும்போது அவள் கணவர் அந்தோணி அழைத்தார்.

"கலா, ஜெசி போயிட்டா."

"எங்க போயிட்டா அண்ணே?" என்று கேட்டேன்.

வேறு யாரோ போனை வாங்கிச் சொன்னார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நாற்பது வயதைத் தாண்டி ஓரிரு வருடம்தான் இருக்கும். தலைவலி என்றுகூட ஒரு நாள் படுத்தவளில்லை.

அஞ்சலிக் குறிப்பில் அவர், இவர் என்று மரியாதையாக எழுதுவதுதான் முறை. எனக்கு வரவில்லை, அவள் என்றே எழுதுகிறேன். அவளை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பூட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிறுவனம். கடைகளுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கிறோம். பக்கத்துப் பக்கத்து மேசைதான் எங்களுக்கு. ஏதாவது தளம் நின்றுபோனால் நான் பதறிக்கொண்டு சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிடப் போவேன். அவள் என் கையைத் தட்டிவிடுவாள். "திரையில என்ன எழுதியிருக்குன்னு முழுசா படிடி மொதல்ல. பாதியிலேயே பயந்துக்கிட்டா எப்பிடி?" என்பாள்.

சில வருடங்களுக்கு முன் கீரனூரிலிருந்து ஒரு விவசாயி பேருந்து பிடித்து எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கல்லூரி ஒன்றின் சேர்க்கைத் தளத்தை நாங்கள் புதுப்பித்திருந்த சமயம். பக்கத்தின் அடியில் எங்கள் நிறுவனத்தின் பெயரைப் பார்த்து விசாரித்து வந்திருந்தார்.

"ஏனுங்க, எம்புள்ள எல்லாத்தையும் நிரப்பிப்போட்டு அனுப்புனா, பக்கமே இல்லைன்னு வருதுங்க. நேத்தோட கெடு முடிஞ்சு போச்சுங்க. தப்புத்தப்பா நிரப்பிட்டியான்னு புள்ளைய நல்லா வஞ்சுபோட்டனுங்க."

ஜெசிந்தா அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "தமிழ்ப் பக்கத்துலயா, இங்கிலீஷ் பக்கத்துலயா நிரப்புனீங்க?" என்று கேட்டாள்.

"தமிழ்லதானுங்க."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். தளத்தைப் புதுப்பித்தபோது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய இணைய முகவரியை மாற்றியிருந்தாள். ஆங்கிலப் படிவத்தில் புது முகவரியைக் கொடுத்துச் சோதித்தும் பார்த்தாள். தமிழ்ப் படிவம் மட்டும் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அனுப்பியதை வாங்கிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. சர்வரின் பதிவில் தேடினோம். அந்தப் பழைய முகவரிக்குப் பலர் அனுப்பியிருந்தது தெரிந்தது. நிரப்பிய எதுவும் அதில் பதிவாகவில்லை. அவர்கள் யார், எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஜெசிந்தா அவருடைய போனை வாங்கி அந்தப் பெண்ணிடம் பேசினாள். "பாப்பா, நீ சரியாத்தான் அனுப்பியிருக்க. தப்பு பண்ணது நான். அப்பா ஏசுனதுக்கு என்னைய மன்னிச்சுக்க."

எங்கள் மேலாளருக்கு விஷயம் போனது. "சத்தமில்லாம சரி பண்ணிரும்மா. இவரோட விண்ணப்பத்த மட்டும் கையில வாங்கிக்கச் சொல்லுவோம்" என்றார்.

"இவரு வந்துட்டாரு சார். வராதவங்களுக்கு யாரு சொல்றது?"

அன்றைக்கே என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். முதல்வர் ஒரு கன்னியாஸ்திரி. அவர் முன்னால் நின்று, "ஆங்கிலத்துல மட்டுந்தான் சோதிச்சேன் சிஸ்டர். தமிழ்ப் பக்கத்தப் பாக்கல. என் தப்புதான்" என்றாள்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "உங்க கம்பெனிய நம்பி இனி எப்படி வேலை குடுக்கிறது?" என்றார்.

"குடுக்காட்டியும் போகுது சிஸ்டர். தேதிய மட்டும் நீட்டிச்சுக் குடுங்க."

தேதி நீட்டிக்கப்பட்டது. பத்திரிகையில் அறிவிப்பும் வந்தது. அடுத்த வருடம் அந்த வேலை வேறு நிறுவனத்துக்குப் போனது. மேலாளர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசப் பல மாதமானது. கீரனூர்ப் பெண்ணுக்கு இடம் கிடைத்ததா என்று நான் கேட்டதற்கு, "எடம் குடுக்கிறது அவங்க பாடு. விண்ணப்பம் போய்ச் சேரணும், அது நம்ம பாடு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அவளை அடக்கம் செய்த அன்று, கண்ணாடிப் பெட்டியின் கால்மாட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். யாரோ வைத்த மல்லிகை மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. எழுந்து சரிசெய்துகொள்வாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தோணி அண்ணன் அவளுடைய போனைக் கொண்டுவந்து நீட்டினார். "விடாம அடிக்கிறாங்க கலா. என்னமோ பட்டன்ங்கிறாங்க, எனக்கு ஒன்னும் புரியல."

அய்யலூரிலிருந்து ஒரு பெண். "மேடம், விண்ணப்பத்த அனுப்புறதுக்கு பட்டன அமுக்குனா உங்க நம்பர்தான் வருது. இந்த நம்பர்க்காரங்க நீங்கதானே?"

"அவங்க கூட வேல பாக்குறவம்மா. சொல்லுங்க" என்றேன். ஜெசிந்தா இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெருவுக்கு வந்து, நிறுத்தியிருந்த வண்டியில் சாய்ந்துகொண்டு, அந்தப் பெண் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டேன். உள்ளே செபம் தொடங்கிவிட்டிருந்தது.

அலுவலகம் வந்த பிறகுதான் பார்த்தேன். நாங்கள் செய்த தளங்களில் பிழை வந்தால் திறக்கும் பக்கத்தை எப்போதோ மாற்றி எழுதியிருக்கிறாள். "நீங்கள் அனுப்பியது எங்களுக்கு வந்து சேரவில்லை. தவறு எங்களுடையது. தயவுசெய்து அழையுங்கள்." அதன் கீழே அவளுடைய எண். என்னிடம்கூடச் சொன்னதில்லை.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மூன்று வாக்கியங்களைத்தான். அவற்றில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. எண்ணை மட்டும் அழித்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். அதற்கே ஒரு முழுப் பகல் ஆனது.