மஞ்சள் துணியில் முடிந்த பாலிசி

ஊரில் எல்லாரும் நல்லது நடக்கும் என்று சொல்லித்தான் சரக்கை விற்பார்கள். கெட்டது நடந்தால் என்று ஆரம்பித்து விற்கிற தொழில் எனக்குத் தெரிந்து பயண இன்ஷூரன்ஸ் ஒன்றுதான். அதையும் வண்டி ஏறப் போகிறவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்குகிற விற்பனைக்காரர்களுக்கு நான் வாங்கிய வசவை விளக்கவா வேண்டும்? எனக்குக் குரலும் கிடையாது. எதையும் இரண்டு தரம் சொன்னால்தான் அடுத்தவர் காதில் விழும். அதனால் வசவும் இரண்டு தரம்.

புறப்படும் நேரம்

பிரம்மதேசத்து எத்திராஜு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறவர். ஊர்க்காரர்கள் சிலரோடு காசிக்குக் கிளம்பித் திண்டிவனம் ஸ்டேஷனில் நின்றிருந்தார். வழியனுப்ப வந்த மனைவி அஞ்சலை பக்கத்தில். மெதுவாகப் போய், "வழியில அடிகிடி பட்டா..." என்றேன். "இன்னா?" என்று காதைக் கொடுத்தார். மறுபடி சொன்னேன். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

எத்திராஜு மூட்டையை இறக்கினார். தரையில் உட்கார்ந்தார். அஞ்சலை கொடுத்த சொம்புத் தண்ணீரைக் குடித்தார். எழுந்து, புதிதாகக் கிளம்புகிற மாதிரி மூட்டையைத் தூக்கினார். சகுனத் தடைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பரிகாரம். விவரமானவனாக இருந்தால் அத்தோடு நகர்ந்திருப்பேன். நானோ மறுபடியும் வாயைத் திறந்தேன். அவர் மடியிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார்: "எழுதித் தொலை! நீ வாய மூடறதுக்குத்தான்யா இந்தக் காசு!"

இரண்டு காவல்

பாலிசித் தாளை அவர் தொடவே இல்லை, அஞ்சலைதான் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நாள் கழித்து அவளே பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேடி வந்தாள். கையில், கூடப் போனவர்கள் அடித்த தந்தி. காசியில் ரயிலை விட்டு இறங்கும்போது எத்திராஜு விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். விற்கலாம் என்றால் மல்லாட்டை இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. பாஷை தெரியாத ஊரில் மனுஷன் கிடக்கிறார்.

"அந்தத் தாள்ல இருக்கற நம்பரத் தந்தியடிச்சா போதும்க்கா. காசியில இருக்கற எங்காளு ஆஸ்பத்திரிக்கே போய்ப் பணம் கட்டிடுவாரு" என்றேன். என்னிடமிருந்த நகல் மதராஸ் ஆபீசுக்குப் போய்விட்டது. அங்கே தேடி எடுக்க நாளாகும். அஞ்சலையின் முகம் வெளுத்தது. தூரப் பயணம் போகிறவர் பேரில், மேல்மலையனூர் அங்காளம்மனை நினைத்து ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். போனவர் திரும்பி வந்து, கோயிலில்தான் அதை அவிழ்க்க வேண்டும். முன்னாலேயே அவிழ்த்தால் வழியில் இருக்கிற உயிருக்குக் காவல் போய்விடும். அந்த முடிச்சுக்குள்தான் பாலிசி இருந்தது. "ரெண்டுமே அவரக் காப்பாத்தறதுதானே தம்பி, ஒண்ணா இருக்கட்டும்னு வெச்சிட்டேனே!"

அரிவாள்மணை

பிரம்மதேசத்துக்கு அவளோடு போனேன். சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது முடிச்சு. எத்திராஜுவின் அண்ணன் குறுக்கே நின்றார். "அதுல கைய வெச்ச, எந்தம்பி உசுருக்கு நீதான் பதில் சொல்லணும்!" என்றார். "வாணாம்க்கா, மதராசுக்கே எழுதிப் பாக்கலாம்" என்றேன். வழக்கம்போல யார் காதிலும் விழவில்லை.

அஞ்சலை அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முடிச்சை ஒரு கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, துணியின் வயிற்றுப் பக்கத்தை மட்டும் அரிவாளில் வைத்து ஒரு இழுப்பு. தாளின் முனை எட்டிப் பார்த்தது. உருவி என்னிடம் நீட்டினாள். காசு உள்ளேயே இருந்தது. முடிச்சும் அறுத்த துணியுமாக அப்படியே வேறொரு மஞ்சள் துணியில் வைத்து, மேலே இன்னொரு முடிச்சு போட்டாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூத்தாரைப் பார்த்துச் சொன்னாள்: "முடிச்ச நான் அவுக்கலீங்க மாமா, துணியத்தான் அறுத்தேன். அவுக்கறது எது, அறுக்கறது எதுன்னு ஆத்தாளுக்குத் தெரியும்! தம்பி, ஜல்தியா போ!"

பேர் சொல்லிக் கூப்பிட்டவன்

போனேன். தந்தி ஆபீசில் அந்த நம்பரை எழுதிக் கொடுத்தபோது எனக்கே நம்பிக்கை இல்லை. எத்தனை ஆறு, எத்தனை மலை தாண்டி இந்த எழுத்து போய் ஒரு கட்டிலைக் கண்டுபிடிக்கப் போகிறது?

கண்டுபிடித்தது. மறு வருஷம் விழுப்புரம் ஜங்ஷனில், திருப்பதி வண்டிக்குக் காத்திருந்த கூட்டத்தில் எத்திராஜுவைப் பார்த்தேன். பக்கத்தில் அஞ்சலை. மேல்மலையனூரில் முடிச்சை அவிழ்த்தாயிற்றாம். கையில் கோல் இருந்தது. நடை கொஞ்சம் சாய்வு. நான் வாயைத் திறக்குமுன் அவரே சுற்றி இருந்தவர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வாசற்படியில் நின்று கட்டில் கட்டிலாகப் பார்த்து, "எத்ராஜூ, எத்ராஜூ" என்று ஒருவன் கூப்பிட்டானாம். பணத்தைக் கட்டிவிட்டு, ஆபரேஷன் முடிகிறவரை வெளியிலேயே உட்கார்ந்திருந்தானாம். தமிழில் ஒரு வார்த்தை தெரியாதவன். எத்திராஜு கோலைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "தண்ணி கேக்கக்கூட பாஷ தெரியாம கெடக்கறேன், என் பேர ஒருத்தன் கூப்புடறான்யா! அங்காளம்மாவே பேண்ட் போட்டுக்கினு வந்துட்டாளோன்னு நெனச்சிட்டேன்!"

ஆகவே, பயணம் கிளம்புகிற மகாஜனங்களே, ஆத்தாளுக்குக் காசு முடிந்து வையுங்கள், என்னிடம் பாலிசியும் எழுதி வையுங்கள், ஆனால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், இரண்டையும் ஒரே துணியில் கட்டாதீர்கள்.