மூன்றாம் வரிசைச் சிரிப்பு

மேவிஸ் ஆக்ராய்ட் பதினான்கு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைக்குப் போனவள். நெய்த துணியை விரலால் தடவி, இழை விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடித்துத் தைப்பது அவள் வேலை. தம்பி டெரிக்கை நாடே அறியும். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரொன்றில் ஒன்பது வருடமாகச் சலவைக்கடை ஹோரஸாக வந்தவன். அழுக்குத் துணியைப் பார்த்தே ஊர் ரகசியமெல்லாம் தெரிந்துகொண்டு, "நான் ஒண்ணும் பாக்கலம்மா!" என்று கையை விரிப்பான். அவன் தெருவில் நடந்தால் பேருந்து ஓட்டுநர்கள்கூட அதைக் கூவுவார்கள்.

அந்தத் தொடரை மான்செஸ்டரில் ஒரு கூடத்தில், முந்நூறு பேரை உட்காரவைத்து அவர்கள் சிரிப்போடு சேர்த்துத்தான் படம் பிடிப்பார்கள். ஐம்பத்தெட்டுப் பதிவில் ஐம்பத்தாறுக்கு மேவிஸ் போயிருக்கிறாள். விட்ட இரண்டும் அம்மா சாகக் கிடந்தபோது. மூன்றாம் வரிசை, ஓர நாற்காலி. அவள் அடிவயிற்றிலிருந்து சிரித்தால் கூடமே தொடர்ந்து சிரிக்கும்.

டெரிக் வசனத்தை அவளோடு உட்கார்ந்துதான் மனப்பாடம் செய்வான். அந்த மார்ச் மாத ஞாயிறன்று ஒரே வரியில் மூன்று முறை இடறினான். இழை விட்டிருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு தேநீர்க் கெண்டியைத் தூக்கிப் பார்த்து, "இதுக்கு என்ன பேரு மேவிஸ்?" என்றான்.

"டாக்டர்கிட்ட போலாம்டா."

"போயிட்டு வந்துட்டேன். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா போயிடுமாம். வெளிய தெரிஞ்சா அன்னிக்கே வேற ஆளப் போட்டுருவாங்க. இன்னும் ரெண்டே பதிவு. அத முடிச்சிட்டு நானே வெலகிடறேன். நான் தடுமாறினா நீ சிரி. வேணும்னு பண்றேன்னு நெனச்சுக்குவாங்க."

"இது பித்தலாட்டம்டா."

"முப்பது வருஷமா நடிகனா அதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன்."

முதல் பதிவில் நாலு இடத்தில் விழித்தான். நாலு இடத்திலும் மேவிஸ் சிரித்தாள். கூடம் அதிர்ந்தது. "இந்தத் திருதிரு முழி பிரமாதம், டெரிக்! அப்படியே வெச்சுக்க!" என்றார் இயக்குநர்.

இரண்டாவது பதிவில் கல்லாவை விட்டு இறங்கினான். கேமராக்களைத் தாண்டி மேடை விளிம்புக்கு வந்து மூன்றாம் வரிசையைத் தேடினான். அது ஹோரஸின் குரல் இல்லை.

"மேவிஸ், அம்மா எங்க? இன்னும் வரலயே?"

மேவிஸ் சிரிக்கவில்லை. ஆனால் அதுவரை அவன் தடுமாறியபோதெல்லாம் சிரித்து, முந்நூறு பேரையும் அவள் பழக்கிவிட்டிருந்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவள் எழுந்து, "நிறுத்துங்க!" என்று கத்தினாள். அதற்கும் சிரித்தார்கள். டெரிக் பயந்துபோய்ச் சுற்றிப் பார்த்தான். பிறகு பழக்கதோஷத்தில் கையை விரித்தான்.

"நான் ஒண்ணும் பாக்கலம்மா!"

கைதட்டல் ஓயும் முன்பே அவள் மேடையேறி அவன் கையைப் பிடித்துவிட்டாள். வேடத்தைக் கலைக்காமலே வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

இப்போது அவன் முதியோர் இல்லத்தில் இருக்கிறான். சனிக்கிழமைதோறும் பழைய பகுதிகளை மறுபடி போடுகிறார்கள். திரையில் வரும் ஹோரஸை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் சிரிப்பு எழும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருகிறான்.

"கேட்டீங்களா? அது எங்க அக்கா மேவிஸ்" என்றான் போன வாரம், பக்கத்து நாற்காலியில் இருந்தவளிடம்.

அந்த நாற்காலியில் இருந்த மேவிஸ் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அடிவயிற்றிலிருந்து சிரித்துக் காட்டினாள்.

அவன் மரியாதையாகக் கேட்டு முடித்தான். "நல்லாத்தான் சிரிக்கறீங்க. ஆனா அவள மாதிரி வராதும்மா."