தை மாதத்துப் பூநாரைப் படம்

என்ரை கலண்டரிலை பிழை பிடிக்கிறதெண்டால் வயிறு நிறையச் சாப்பிட்டிட்டு வாங்கோ, கனநேரம் தேடவேண்டி வரும். இப்பிடித்தான் நான் எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சனான். கொக்குவிலிலை இருக்கிறன், புவியியல் ரீச்சர். வருசா வருசம் குடாநாட்டிலை பன்ரண்டு படம் எடுத்து, கலண்டராய் அடிச்சு, தெரிஞ்ச வீடுகளுக்கெல்லாம் குடுக்கிறனான். படம் வடிவாய் இருந்தால் மட்டும் எனக்குக் காணாது. ஒவ்வொண்டுக்கும் கீழை நாலு வரி விசயம் இருக்கவேணும், அதுவும் சரியான விசயம்.

கோட்டைப் படத்துக்குக் கீழை, தொடங்கினது போத்துக்கீசர், ஐஞ்சுமூலை நட்சத்திரமாய் மாத்திக் கட்டினது ஒல்லாந்தர், சுவரிலை முருகைக்கல்லும் கிடக்கு எண்டு எழுதினன். நிலாவரைக் கிணத்துக்கு, மேலை நல்ல தண்ணி, ஆழம் போகப்போக உப்பு எண்டு எழுதினன். "அடியே இல்லாத கிணறு எண்டு போடும், சனம் விரும்பும்" எண்டார் என்னோடை படிப்பிக்கிற ஒரு மாஸ்ரர். "அடி இல்லாட்டில் தண்ணி எதிலை நிக்குது, உங்கடை தலையிலையோ?" எண்டு கேட்டன்.

தை மாதத்துக்குப் போட்டது அரியாலைக் கடலேரியிலை எடுத்த பூநாரைப் படம். ஐயோ, அந்தக் காலமை! முழங்கால் தண்ணியிலை இளஞ்சிவப்பாய் நூறு பறவை, தலையைக் கவிட்டு அலகாலை தண்ணியை அரிச்சு அரிச்சுத் தின்னுதுகள். அந்த நிறம் பிறவியிலை வாறதில்லை, தின்னிற பாசியாலையும் சின்ன இறாலாலையும் வாறது, குஞ்சு சாம்பல் நிறம் எண்டு கீழை எழுதினன். படத்திலை பறவையளுக்குப் பின்னாலை ஒரு பழைய கல்லுத்தூணும், அதுக்குப் பக்கத்திலை ஒரு களங்கட்டியும் நிண்டது. தடி நட்டு, வலை கட்டி, மீனையும் இறாலையும் உள்ளுக்கை விட்டுப் பிடிக்கிற அடைப்பைத்தான் அங்கை களங்கட்டி எண்டுறவை. அதின்ரை நுனித்தடியிலை சிவப்புச் சேலைத்துண்டு ஒண்டு பறந்துகொண்டிருந்தது.

கலண்டர் வெளியாகிக் கொஞ்ச நாளிலை பெருமழையும் காத்தும் வந்து கடலேரியிலை நிண்ட தடி எல்லாத்தையும் பிடுங்கிக்கொண்டு போட்டுது. தூண் மட்டும் மிஞ்சினது.

தை பிறந்து ரண்டாம் கிழமை, அரியாலையிலை இருந்து ஒரு அண்ணை கலண்டரைச் சுருட்டிக்கொண்டு என்ரை வீட்டு வாசலிலை வந்து நிண்டார். அறுபது தாண்டின ஆள். அந்தச் சிவப்புச் சேலைத்துண்டு அவற்றை மனுசியின்ரையாம், களங்கட்டி அவற்றையாம்.

"ரீச்சர், தூணுக்குக் கிழக்குப் பக்கம்தான் நான் இருவது வருசமாய்த் தடி நடுறனான். அங்கைதான் இறால் வரும். மேற்கிலை வெறும் சேறு. இப்ப பக்கத்துக் களங்கட்டிக்காரர் கிழக்குத் தன்ரையாம். சாட்சிக்கு உங்கடை படத்தைக் கடற்றொழிலாளர் சங்கத்திலை காட்டிப்போட்டார். படத்திலை என்ரை சேலைத்துண்டு மேற்கிலை நிக்குது. ரீச்சற்றை கலண்டரிலை பிழை வராதெண்டு சனமும் சொல்லுது. இண்டைக்குப் பின்னேரம் முடிவு."

"பிழை வராதுதான்!" எண்டு நான் துள்ளினன். மனுசன் கோவிக்கேல்லை. "ஓம், அதுதான் கேக்க வந்தனான். நான் எந்தப் பக்கம் நிண்டனான் ரீச்சர்?" எண்டார்.

இருவது வருசம் அந்தத் தண்ணியிலை நிண்ட மனுசன், ஒரு காலமை மட்டும் போன என்னட்டைக் கேக்கிறார். கொம்பியூட்டரைத் திறந்து, கமராவிலை எடுத்தபடி கிடந்த முதல் படத்தைப் பாத்தன். கலண்டரை வாங்கி அதுக்குப் பக்கத்திலை பிடிச்சன், இடம் வலம் மாறிக் கிடந்தது.

கலண்டரிலை திகதிக் கட்டம் வலப்பக்கம் வாறது. பறவையள் எல்லாம் இடப்பக்கம் பாத்துக்கொண்டு நிண்டதுகள், கட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அது எனக்குப் பிடிக்கேல்லை. அதாலை படத்தை இடம் வலமாய்த் திருப்பிவிட்டனான். பறவை எந்தப் பக்கம் பாத்தால் என்ன எண்டு நினைச்சனே தவிர, பறவையோடை தூணும் களங்கட்டியும் சேர்ந்து திரும்பும் எண்டு நினைக்கேல்லை. திசை படிப்பிக்கிற ரீச்சர்!

இது எனக்கும் கொம்பியூட்டருக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம். பேசாமல் இருந்திருக்கலாம், என்ரை பேரும் தப்பியிருக்கும். ஆனால் நான் அப்பிடிப்பட்டவள் இல்லை. "வாங்கோ அண்ணை" எண்டு அவரையும் ஓட்டோவிலை ஏத்திக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனன்.

அங்கை எழும்பி நிண்டு, வகுப்பிலை கதைக்கிற குரலிலேயே கதைச்சன். "இது நான் விட்ட பிழை. படத்தைத் திருப்பிப் போட்டனான். இதுதான் உண்மையான படம்." முதல் படத்தைப் பெரிசாய் அடிச்சுக் கொண்டுபோயிருந்தன், அதை மேசையிலை விரிச்சன். கரையிலை நிண்டு தெற்கை பாத்து எடுத்தது, இடக்கைப் பக்கம் கிழக்கு எண்டு விரலாலை காட்டினன். பக்கத்துக் களங்கட்டிக்காரர் குனிஞ்சு பாத்தார், பிறகு நிமிந்து கூரையைப் பாத்தார். பின்னுக்கிருந்து ஆரோ, "அப்ப ரீச்சர், கோட்டையையும் திருப்பிப் போட்டியளோ?" எண்டு கேக்கச் சனம் கொல்லெண்டு சிரிச்சுது. "இல்லை, அது நேராய்த்தான் நிக்குது, போய்ப் பாரும்" எண்டன். கிழக்குப் பக்கம் அண்ணைக்கே எண்டு முடிவாச்சுது. சொல்லவேண்டியதை நேராய்ச் சொல்லிப்போட்டன் எண்டு எனக்குப் பெருமையாயும் இருந்தது.

வெளியிலை வரேக்கை அண்ணை மதிலோரம் நிண்டு மனுசியோடை போனிலை கதைச்சுக்கொண்டிருந்தார். நான் நன்றியை எதிர்பாத்துக்கொண்டு கிட்டப் போனன். மனுசன் என்னைக் காணேல்லை.

"எடியேய், எனக்கு அறளை பேரேல்லையடி, புத்தி மாறாட்டம் ஒண்டும் இல்லை" எண்டார். "நீ இனி அழாதை. டொக்டரிட்டையும் போகத் தேவையில்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. படம்தான் பிழை."

அவ்வளவு சனத்துக்கு முன்னாலை வராத வெக்கம் எனக்கு அப்பதான் வந்தது.