தம் கட்டாமல் ஒரு மூட்டை

கலியம்மாளுக்குத் தும்மல் வருகிறதென்றால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தொடையை இடுக்கிக்கொண்டு நின்றுவிடுவாள். தும்மினாலும் போச்சு, இருமினாலும் போச்சு, வாய்விட்டுச் சிரித்தாலும் போச்சு. துணி நனைந்துவிடும். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இப்படித்தான். பதினெட்டு வருஷம்! புருஷன் ராஜேந்திரனுக்குக்கூடத் தெரியாமல் மறைத்தாளே, அதற்கே அவளுக்கு ஒரு மெடல் குத்த வேண்டும்.

கம்மாபுரத்துப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து, நெய்வேலி டவுன்ஷிப்பில் பதினாலு வருஷமாகக் காண்ட்ராக்டில் தோட்ட வேலை செய்கிறவள். செம்மண் மூட்டை, எரு மூட்டை என்று நாள் முழுக்கத் தூக்குகிற வேலை. அந்தப் பெண்கள் புதிதாக வருகிறவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், "தம் கட்டித் தூக்குடி." இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டு, மூச்சைப் பிடி, வயிற்றைக் கல்லாக்கு, தூக்கு. இதில் கலியம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. தூக்கி முடித்த கையோடு அவள் கக்கூஸுக்கு ஓடுவதன் காரணம்தான் யாருக்கும் தெரியாது. அவளுடைய மஞ்சள் பையில், சோற்றுத் தூக்குக்கு அடியில், பேப்பரில் சுற்றிய மாற்றுப் பாவாடை எப்போதும் இருக்கும். மத்தியானம் வரைக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் சூப்பர்வைசர் சக்கரபாணி குண்டைத் தூக்கிப் போட்டார். காண்ட்ராக்ட் கை மாறுகிறது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் புது காண்ட்ராக்டர் கண்ணெதிரே இருபத்தைந்து கிலோ மூட்டையைத் தூக்கி, நர்சரி கேட்டிலிருந்து வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்பிக் காட்ட வேண்டும். காட்டினால் கேட் பாஸ். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம்.

தூக்க முடியாதா அவளால்? அதில்லை பயம். அத்தனை பேர் பார்க்க, ஓடி ஒளிய வழியில்லாமல், சேலை நனைந்து நின்றால்? அதற்கப்புறம் கேட் பாஸ் கிடைத்தென்ன, கிடைக்காமல் என்ன! கடைசியில் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, சங்கீதா என்கிற பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போய் நின்றாள்.

அவள் சொல்லிக்கொடுத்த பயிற்சியை முதல் மாதம் பாடுபட்டுச் செய்தும் பலனில்லை. சங்கீதா அவள் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, மேல இழுங்கன்னு நான் சொல்றேன். நீங்க மூச்சைப் பிடிச்சுக் கீழ தள்ளிட்டிருக்கீங்க."

"பதினாலு வருசமா தம் கட்டித்தானேம்மா தூக்கிகினு இருக்கேன்?"

"அதாங்க்கா கெடுதல். சாக்கு வாயை இறுக்கிக் கட்டிட்டு மேலேருந்து அமுக்கினா எது பிரியும்?"

"அடித்தையலு."

"அதேதான். காத்து பிரியாம அடக்குவீங்கல்ல, அந்த இடத்தை மட்டும் உள்ளுக்குள்ள மேல இழுங்க. மூச்சு போய் வந்துட்டே இருக்கணும். தொப்புளுக்குக் கீழ வயிறு லேசா தானா உள்ள போகும், அது போதும். துண்டை அவுத்துப் போடுங்க. தண்ணி குடிங்க, குடிக்காம இருந்தா இன்னும்தான் முட்டும்."

பஸ்ஸில் உட்கார்ந்து இழுத்தாள், ரேஷன் வரிசையில் நின்று இழுத்தாள். பல் விளக்கும்போதும் இழுத்தாள். மூன்றாம் மாதம் ஒருநாள் மிளகாய் வறுக்கும்போது அடுக்காகத் தும்மினாள். துணி நனையவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள், பாவம். ஆனால் தும்மல் வேறு, இருபத்தைந்து கிலோ வேறு.

அந்த நாளும் வந்தது. காலை எட்டரை மணிக்குக் காண்ட்ராக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மைன்ஸ் பக்கமிருந்து காற்று நிலக்கரித் தூசியை அள்ளிக்கொண்டு வந்தது. வரிசையில் பின்னால் நின்ற தனகோட்டி, அவள் வாய்க்கு எட்டூர் பயப்படும், சீண்டினாள்.

"இன்னாடி கலியம்மா, துண்டு கட்டல? தம்மு போயிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

பேரைக் கூப்பிட்டார்கள். குனிந்து மூட்டையைப் பிடித்தாள். அவ்வளவுதான், பதினாலு வருஷப் பழக்கம் விடுமா? மூச்சு தானாகப் பூட்டிக்கொண்டது. கீழே முட்டியது. சட்டென்று மூட்டையைக் கீழே விட்டாள்.

"முடியலன்னா சொல்லிடும்மா, நேரமாவுது," என்றார் சக்கரபாணி.

"முடியும் சார். ஒரு நிமிசம்."

கண்ணை மூடினாள். உள்ளே இழுத்தாள். மூச்சை ஊதிவிட்டுக்கொண்டே தூக்கினாள். மூட்டை தோளுக்கு வந்தது.

வேப்பமரத்தடியில் அந்தப் பாழாய்ப்போன தூசி தொண்டையில் ஏறியது. மூட்டையைப் போட்டால் வேலை போச்சு, இருமினால் மானம் போச்சு. நின்றாள். முதலில் இழுத்துப் பிடித்தாள், அப்புறம் இருமினாள். இன்னொரு தரம் இருமினாள். ஒன்றுமே ஆகவில்லை என்றால் பொய். இரண்டு சொட்டு. பாவாடையைத் தாண்டாத இரண்டு சொட்டு. திரும்பி வந்து மூட்டையை இறக்கி வைத்தாள்.

"பாஸ்," என்றார் காண்ட்ராக்டர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

தண்ணீர் எடுக்கப் பையிருந்த இடத்துக்குப் போனாள். பொங்கலுக்கு எல்லோருக்கும் ஒரேமாதிரி கொடுத்த மஞ்சள் பைகள். ஒன்றில் கையை விட்டாள். சோற்றுத் தூக்கு. அதற்கடியில் பேப்பர் சுருள், உள்ளே பாவாடை. ஆனால் அவளுடையது காவி, இது பச்சை. பையைத் திருப்பினாள். கைப்பிடியில் சிவப்பு நூல் முடிச்சு. தனகோட்டியின் பை.

அடிப்பாவி! நீயுமா?

தலை தூக்கினாள். அங்கே தனகோட்டி இடுப்புத் துண்டை இறுக்கி, கன்னம் உப்ப மூச்சைப் பிடித்து, மூட்டைமேல் குனிந்துகொண்டிருந்தாள்.

"தனகோட்டி! தம் கட்டாதடி!" கலியம்மாள் கத்தினாள். அத்தனை பேரும் திரும்பினார்கள். திரும்பட்டுமே! "துண்ட அவுத்துடு! மூச்ச வுட்டுகினே தூக்கு!"

தனகோட்டி எதிர்ப்பேச்சுக்கு வாயெடுத்தாள். அவள் பார்வை கலியம்மாள் கையிலிருந்த பையில் விழுந்தது. உப்பியிருந்த கன்னம் வடிந்தது. துண்டின் முடிச்சில் கை வைத்தாள்.