ஊர் முந்திக்கொண்டது

என் கணவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே வேறொரு பெண்ணோடு குடித்தனம் தொடங்கியபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. அந்தப் பெண்ணும் நானும் ஒரே பூத்தில்தான் பால் வாங்க வேண்டும். அவள் என்னைப் பார்த்துத் தலையசைக்கத் தொடங்கினாள். அதற்கு மேல் சேலத்தில் இருக்க முடியவில்லை. ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அது எண்பதுகளின் தொடக்கம். பஸ்ஸில் எல்லோரும் மலையைப் பார்த்துச் சொக்கிப்போனார்கள். எனக்கு வளைவுக்கு வளைவு வாந்திதான் வந்தது.

வாடகைக்குக் கிடைத்தது ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் இரண்டாகத் தடுத்த வீட்டில் ஒரு பாதி. மறுபாதியில் ஜீப்காரர் ஒருவர் தனியாக இருந்தார். நாற்பதைத் தொடும் வயது, மனைவி இறந்துவிட்டாள் என்று சொன்னார்கள். சுற்றியுள்ள மலைக்கிராமங்களான மஞ்சக்குட்டைக்கும் வெள்ளக்கடைக்கும் ஆள் ஏற்றிப்போவது அவர் தொழில். விடிவதற்கு முன்பே அந்த ஜீப்பைக் கிளப்புவார். அது இருமும், நிற்கும், மறுபடி உறுமும். புகை முழுதும் என் சமையலறைக்குள் வரும். பனியில் காயாத என் புடவைகளில் டீசல் நாறியது. முதல் பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“ஏனுங்க, வண்டியை ரோட்டுல வச்சுக் கிளப்பக் கூடாதுங்களா?” என்று கேட்டேன்.

“சன்னலைச் சாத்திக்கோங்க டீச்சரம்மா.”

“உங்க வண்டிக்காக நான் மூச்சு விடாம இருக்கணுமா?”

“இருந்தீங்கன்னா நல்லதுதானுங்க. கொஞ்சம் சத்தம் குறையும்.”

அந்த ஊர்ப்பக்கத்து ஆட்கள் செருப்பால் அடித்தாலும் மரியாதையாக ‘வாங்கிக்கோங்க’ என்றுதான் அடிப்பார்கள். மறுநாளிலிருந்து பாத்திரம் கழுவிய தண்ணீரையெல்லாம் ஜீப் நிற்கும் மண்ணில் கொட்டினேன். சக்கரம் சேற்றில் சுழன்றது. அவர் பொதுக்குழாயில் டிரம் டிரம்மாகப் பிடித்து வண்டி கழுவினார், எனக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போகிற அளவுக்கு. கணவரிடம் கேட்க முடியாமல் போன கேள்விகளையெல்லாம் அந்த மனிதரிடம் வசவாகக் கேட்டேன். அவரும் சளைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நான் வீட்டுக்கு வந்தால் வாசலில் டாக்ஸி நின்றது. கணவரும் அவருடைய அண்ணனும் வந்திருந்தார்கள். அந்தப் பெண் அவரை விட்டுப் போய்விட்டாளாம்.

“நடந்தது நடந்துபோச்சு. கிளம்பு” என்றார் கணவர்.

“ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான் கண்ணு. நீதான் அனுசரிச்சுப் போகணும்” என்றார் அண்ணன்.

வர மாட்டேன் என்றேன். கணவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். வேலிக்கு அப்பால் வீட்டுக்கார அம்மாவும் நாலைந்து பெண்களும் நின்று பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. அந்த நேரம் ஜீப் வந்து, டாக்ஸி வழியை மறித்திருந்ததால் ஹாரன் அடித்தது. ஜீப்காரர் எரிச்சலோடு இறங்கினார்.

“யாருதுங்க டாக்ஸி? எடுங்க.” பிறகு என் கையைப் பார்த்தார். “அந்தம்மா மேல வச்ச கையையும் எடுங்க.”

கணவர் கையை விட்டார். ஆனால் ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: “ஓ, இதுதான் சங்கதியா! இவனை வச்சுக்கிட்டுத்தான் வர மாட்டேங்கிறியா?”

அதுவரை நாங்கள் இருவரும் ஒரு நல்ல வார்த்தைகூடப் பேசியதில்லை. ஊருக்கு அது தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிறு சர்ச்சில் நான் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து பெண்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். வருஷக் கடைசியோடு வேலை இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கார அம்மா என்னை மட்டும் காலி செய்யச் சொன்னாள். “அவரு ஆம்பளை கண்ணு. அவரைப் போயிச் சொல்ல முடியுமா?”

நேராக ஜீப்காரரிடம் போனேன். “உங்களை யாரு வாயைத் திறக்கச் சொன்னது?”

“எனக்கு மட்டும் நல்லாவா இருக்குது? தினமும் சோறு குடுத்துவிட்ட தங்கச்சி நிறுத்திப்போட்டா. வேதக்காரப் பொம்பளைகிட்டயே தின்னுக்கோங்கறா. ரெண்டு நாளா வாழைப்பழந்தான்.”

வேதக்காரப் பொம்பளை என்றால் கிறிஸ்தவளான நான்தான். உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு எடுத்து வந்து ஜீப் பானெட்டில் ‘ணங்’கென்று வைத்தேன். நின்றபடியே தின்று முடித்து, “உப்புக் கம்மிங்க” என்றார். மறுநாள் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்புப் போட்டுக் கொடுத்தேன். அதையும் மீதி வைக்காமல் தின்றார்.

கொஞ்சம் தள்ளி, வாழவந்தி என்ற ஊரில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. சாமான் ஏற்ற வேறு யாரும் வரவில்லை, அவர்தான் வந்தார். வழியில் தானாகவே சொன்னார். “என் சம்சாரத்துக்கு வலி எடுத்தப்ப நொம்பக் குளிருங்க. வண்டி கிளம்பவே இல்லை. தள்ளித் தள்ளிப் பாத்தேன். ஆசுபத்திரி போறதுக்குள்ள தாயும் புள்ளையும் போயிட்டாங்க. அதுலருந்து விடியறதுக்கு முன்னாடி கிளம்புதான்னு பாத்துக்குவேன்.”

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கோபம்தான் வந்தது. “சொல்லியிருந்தா நான் திட்டியிருக்க மாட்டேனே?”

“அதுக்குத்தான் சொல்லலீங்க. பாவப்படறவங்க ஊர்ல நெறையப் பேரு இருந்தாங்க.”

பத்து நாள் கழித்து வாழவந்தி வாசலில் வந்து நின்றார். “ஊரு முந்திக்கிச்சு. நாம இன்னும் சொல்லாம இருக்கறோம்” என்றார்.

“ஊரு பேசுதுன்னு யாரும் என்னைக் கட்டிக்க வேண்டாம்” என்று கதவைச் சாத்தினேன்.

அவர் வெளியிலிருந்தே சொன்னார்: “ஊருக்காக இல்லைங்க. காலையில திட்டறதுக்கு ஆளில்லாம ஊட்டுல இருக்கவே முடியலை.”

நெடுநேரம் கழித்துத் திறந்தேன். போயிருப்பார் என்றுதான் திறந்தேன். போகவில்லை.

விவாகரத்து லேசில் கிடைக்கவில்லை. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. ஓடிப்போன மனிதர் கோர்ட்டில் தலை நிமிர்ந்து நின்றார், எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம்தான் கேள்வி கேட்டார். டியூஷன் எடுத்துப் பிழைத்தேன். கடைசியில் ரிஜிஸ்டர் கல்யாணம். என் சர்ச்சிலிருந்தும் யாரும் வரவில்லை, அவர் பக்கத்திலிருந்தும் யாரும் வரவில்லை.

நாங்கள் இன்னும் சண்டை போடுகிறோம். அவருடைய தங்கை எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை, நானும் கூப்பிட்டதில்லை. அவர் மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்போடு போய் அவள் வாசலில் நின்றுவிட்டு வருவார். ஒரு வருஷம் நானும் கூடப் போனேன். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. குளிர்காற்று வீசியது. என் சால்வையின் ஒரு முனையை அவர் தோளில் போட்டேன். “போலாங்களா?” என்றார். “இருங்க, இன்னும் கொஞ்சம் நிக்கலாம். அவளும் பாக்கட்டும்” என்றேன்.