முழுப்பெயருக்கு ஒரு பெட்டி

சுடர்விழி இணையப் பக்கங்களுக்கு முகம் அமைப்பவள். எழுத்து எவ்வளவு பெரிது, பொத்தான் எங்கே, போனில் பார்த்தால் எப்படி அடங்கும் என்பதெல்லாம் அவள் பாடு. கீழ்வேளூருக்குப் பக்கத்து ஊரில், வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். மன்னார்குடிக் கல்லூரியில் அவள் படித்ததோ கணக்கு. பக்கத்தில் எது எங்கே, எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லும் சிஎஸ்எஸ் வித்தையைக் கற்றுக்கொடுத்தது, முகம் தெரியாத யாரோ இணையத்தில் இலவசமாக எழுதி வைத்திருந்த பாடங்கள். இன்றைக்கு அவைதான் சோறு போடுகின்றன. நன்றி சொல்லி ஒரு வரி எழுத வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைக்கிறாள், நினைப்பதோடு சரி.

தை மாதம் ஊர் விவசாயிகளுக்காக, அறுவடை மெஷினுக்குப் பதிவு செய்யும் பக்கம் ஒன்றை ஆசையாகச் செய்து கொடுத்தாள். பெயரை எழுதினால் அது ஒரு பெட்டியில் வரும். பக்கத்திலேயே இருக்கும் 'உறுதி' பொத்தானை அழுத்த வேண்டும்.

அறுவடை நெருங்கிய ஒரு நாள் காலை வானம் கறுத்துவிட்டது. சம்பா முற்றி நிற்கிறது. மழை விழுந்தால் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிடும். மதியத்துக்குள் யாரும் உறுதி செய்யாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவேன் என்று மெஷின் ஓட்டும் சேரன் சொல்லிவிட்டார். வயலிலிருந்து போனும் கையுமாக வந்தார் அவள் அப்பா இளையபெருமாள்.

"ஏம்மா, பட்டனை அழுத்தச் சொன்னியே, பட்டனையே காணுமே?"

"உங்க போன்ல மட்டுமாப்பா?"

"ஊருக்கே அப்படித்தான். உன்னைத் திட்டலாமான்னு கூடி நிக்கிறாங்க."

போனை வாங்கிப் பார்த்தாள். 'அமிர்தலிங்கம் மகன் இளையபெருமாள், வடக்குத்தெரு, கடைமடை' என்று எழுதியிருந்தார் அப்பா. ஊரில் இளையபெருமாள் மட்டும் நாலு பேர். வெறும் பெயரை எழுதினால் மெஷின் யார் வயலில் போய் இறங்கும்? எல்லோரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மகராசி சுடர்விழியோ, 'சுடர்' என்று எழுதிச் சோதித்துப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறதென்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டவள். பெயர் ஒரே வரியில் நிற்கட்டும் என்று white-space: nowrap என்ற கட்டளை வேறு. நீண்ட பெயர் பொத்தானைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டது.

அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது. தெரிந்ததும் மறந்துபோனது. பழைய பாடத்தைத் திறந்தாள். பெட்டிக்காகச் சொல்லை நெருக்காதே, சொல்லுக்காகப் பெட்டி வளரட்டும் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. nowrap-ஐ எடுத்தாள். இடம் போதாவிட்டால் கீழே இறங்கிக்கொள்ளும்படி flex-wrap: wrap சேர்த்தாள். பொத்தான் பெயருக்குக் கீழே சமர்த்தாக வந்து உட்கார்ந்தது.

அப்பா அழுத்தினார். ஊரே அழுத்தியது. வாய்க்கால் கடைசியில் கிடக்கும் கடைமடை வயலையும் அறுத்து முடித்த பிறகுதான் மழை இறங்கியது. நெல் தார்ப்பாய்க்கு அடியில் பத்திரமாக இருந்தது.

அந்த இலவசப் பாடத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னாள். "எழுதி வச்சது யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்," என்றார் அப்பா. "அவங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அன்றே எழுதினாள், உங்களால் என் அப்பாவின் நெல் நனையவில்லை என்று. அப்போதும் மனசு ஆறவில்லை. தான் கற்ற வித்தைகளைத் தன் சொந்தத் தமிழில் எழுதி, யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றினாள். முதல் பாடத்துக்கு உதாரணம் அப்பா எழுதிய அதே பெயர்.

அப்பா போனைக் கண்ணருகே பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எங்கப்பா பேரும் இருக்கே."

"இருக்குப்பா. எவ்வளவு சின்ன போன்ல பாத்தாலும் முழுசா இருக்கும்."

"கடைசி வரைக்கும் அடுத்தவங்க வயல்லயே அறுத்த மனுசன்," என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதை எல்லாரும் பாப்பாங்களாம்மா?"

"பாப்பாங்கப்பா."